நெல் விஞ்ஞானி ராமையா

கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்ததும் பெரியவர்கள் சிலர் முதலில் விசாரிக்கிற விஷயம் அரிசியைப் பற்றித்தான். "பொன்னியா? பழசா, புதுசா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்துத் திருப்தியோ அதிருப்தியோ அடைவார்கள். அரிசி எந்த ஊரில் விளைந்தது என்று கேட்பவர் உண்டு. எந்த மில்லில் அரைத்தது என்று கேட்பவர் உண்டு. மூட்டை என்ன விலை என்று கேட்காதவர் இல்லை. ஆனால் அந்த நெல்லை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்டவரை எந்தப் பந்தியிலும் நாம் கண்டதில்லை.

நெல்லை ஒருவர் உண்டாக்குவதாவது என்று நேயர்கள் நினைக்கலாம். சீரகச் சம்பாவையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் யார் உண்டாக்கினார்கள்? நம் முன்னோர்தான். வயலில் நல்ல கதிராகப் பார்த்துக் கொய்து, விதைக்கென்று ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வந்தார்கள். அவர்கள் கண்ணாலும் கையாலும் செய்த காரியத்தைக் கணக்கோடும் சாஸ்திர அறிவோடும் செய்ய ஆரம்பித்தது சுமார் நூறு வருஷங்களுக்கு முன்னால். அதுவும் நம் கோயமுத்தூரில். அந்தக் காரியத்தில் ஆரம்ப நாளிலிருந்தே ஈடுபட்டு, பின்னால் தேசம் முழுவதுக்கும் வழிகாட்டியாக விளங்கியவர் கே. ராமையா.

கிருஷ்ணசாமி ராமையா 1892-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த கீழக்கரையில் பிறந்தார். கீழக்கரை முத்துக்கும் கப்பல் வியாபாரத்துக்கும் பேர் போன ஊர். நெல்லுக்குப் பேர் போன ஊர் அல்ல. சுற்றுப்புறமெல்லாம் வானம் பார்த்த பூமி. தண்ணீருக்குத் தவிக்கும் சீமையிலிருந்து ஒருவர் தண்ணீரிலேயே நிற்கும் பயிரைத் தேடிப் போனது விசித்திரம்தான். கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் படித்துத் தேறி, அங்கேயே நெல் ஆராய்ச்சியில் உதவியாளராக உத்தியோகம் ஏற்றார்.

அந்தக் கல்லூரி முன்னாளில் சென்னைக்கடுத்த சைதாப்பேட்டையில் இருந்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதைக் கோவைக்கு மாற்றினார்கள். 1912-ல் கல்லூரியை ஒட்டி நெல்லுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையமும் கரும்புக்கு ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டன. தஞ்சாவூர் இருக்க, நெல்லுக்குக் கோயமுத்தூரா என்று அப்போதே சிலர் முணுமுணுத்திருக்கக் கூடும். மருதமலை அடிவாரத்துக் காற்றும் கறுப்பு மண்ணும் நிறைந்த இந்த ஜில்லாவில் சோளமும் கம்புமே ராஜாங்கம் செய்தன. எங்கள் வெள்ளகோவில் பக்கத்தில் கேட்டுப் பார்த்தால் இன்றும் வயது முதிர்ந்த பாட்டிமார் சொல்வார்கள்: நெல்லஞ்சோறு என்பது நோம்பிக்கும் கல்யாணத்துக்கும்தான், மற்ற நாளெல்லாம் கம்பங்கூழும் சோளச் சோறும் களியும்தான். கவலை பூட்டிக் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரில் நெல் நடுவது செல்வாக்குள்ளவர்களுக்கே கைகூடும் காரியம். அப்படிப்பட்ட கொங்குச் சீமையிலிருந்துதான் தென்னாட்டு நெல்வயல்கள் பலவற்றின் முகமே மாறுவதற்கான விதை கிளம்பிற்று.

நெல் நிலையத்தின் தலைவராக இருந்தவர் எப். ஆர். பார்னெல் என்ற ஆங்கிலேயர். 'சர்க்கார் பொருளாதாரத் தாவர நிபுணர்' என்பது அவருடைய உத்தியோகப் பெயர். அவருக்குக் கீழே ராமையாவும், ஜி. என். ரங்கஸ்வாமி அய்யங்கார் முதலிய இந்தியர்களும் வேலை பார்த்தார்கள். ஆஸ்திரியப் பாதிரியார் மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து 1866-ல் வெளியிட்ட பாரம்பரிய விதிகள் உலகத்தாரால் மறக்கப்பட்டு, 1900-ல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டன. அந்த விதிகள் நெல்லுக்கும் பொருந்துமா என்பதே கோவை நிலையத்தார் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி. ஊதா நிறமுள்ள செடியையும் பச்சைச் செடியையும் சேர்த்து, அவற்றின் பேரப்பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒட்டுகிற அரிசி எத்தனை, ஒட்டாத அரிசி எத்தனை என்று எண்ணினார்கள். மூன்றுக்கு ஒன்று என்ற மெண்டலின் கணக்கு நெல்லிலும் வந்தது. பார்னெல், அய்யங்கார், ராமையா ஆகியோரின் பெயர்களோடு 1917-ல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணியைப் பற்றிப் பாடம் சொல்லும்போதெல்லாம், பக்கத்துக் கோவையில் நம்மவர்கள் நெல்லை எண்ணிய கதையையும் சேர்த்துச் சொல்வது எனக்கு வழக்கம். பையன்கள் பட்டாணியை மறந்தாலும் நெல்லை மறப்பதில்லை.

(ரங்கஸ்வாமி அய்யங்கார் பிற்பாடு கோவையிலேயே சிறுதானிய நிபுணராகிச் சோளத்தையும் கம்பையும் ஆராய்ந்து புகழ் பெற்றார். கொங்கு நாட்டு ஏழையின் தட்டுக்கு நேராகப் பணி செய்தவர் அவர். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

எண்ணிக் கணக்கெடுப்பது ஒரு பக்கம் நடக்க, குடியானவனுக்கு நல்ல விதை கொடுக்கும் வேலை மற்றொரு பக்கம் நடந்தது. அந்த நாளில் ஒரு வயலில் நின்ற நெல் ஒரே ஜாதியாக இராது. நெட்டையும் குட்டையும், முந்தியும் பிந்தியும், சிவப்பும் வெள்ளையும் கலந்து நிற்கும். நெல்லின் பூவிலே ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே தான் கருத்தரிக்கிறது. ஆகையால் ஒரு கதிரைத் தனியே எடுத்து விதைத்தால் அதன் வம்சம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான கதிர்களைத் தனித்தனியே கொய்து, தனித்தனி வரிசையாக நட்டு, எந்த வரிசை நன்றாக விளைகிறதென்று பார்த்து, மற்றவற்றைக் கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஒன்றிரண்டு நிற்கும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. சேற்றில் நின்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இவ்விதம் தேறிய நெல்களுள் தலைசிறந்தது 1921-ல் வெளிவந்தது. ஆந்திர தேசத்தில் பயிரான கோணாமணி என்ற நெல்லில் இயற்கையாகவே மாறிப் பிறந்த ஒரு செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மெல்லிய வெள்ளை அரிசி. சாதம் பூப்போல மலரும். பல ஜில்லாக்களின் மண்ணுக்கும் ஒத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அதற்குக் கிச்சிலிச் சம்பா என்ற அழகான பெயர் வழங்குகிறது. ஆனால் சர்க்கார் தஸ்தாவேஜில் அதன் பெயர் ஜி.இ.பி. 24. அந்த மூன்று எழுத்துக்கும் அர்த்தம் என்ன தெரியுமா? 'சர்க்கார் பொருளாதாரத் தாவர நிபுணர்' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள்! நெல்லுக்கு விளைந்த ஊரின் பெயர் இல்லை, பொறுக்கியவர்களின் பெயர் இல்லை. ஓர் உத்தியோகத்தின் பெயரை வைத்தார்கள். பார்னெல் துரை நல்ல விஞ்ஞானிதான். உடன் உழைத்த இந்தியர்களின் பெயரைத் தம் கட்டுரைகளில் சேர்த்துக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. ஆயினும், அடிமை நாட்டில் விதைகூட ஆபீஸ் முத்திரையோடுதான் பிறக்க வேண்டியிருந்தது.

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. இப்போது பட்டணங்களில் இயற்கை அங்காடிகளில் 'பாரம்பரிய நெல்' என்ற அடைமொழியோடு கிச்சிலிச் சம்பாவை உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த புது நெல், இன்று பாட்டன் காலத்து நெல்லாகிவிட்டது.

பொறுக்கி எடுப்பதோடு நின்றிருந்தால் ராமையா திறமைசாலியான பல உத்தியோகஸ்தர்களுள் ஒருவராகவே இருந்திருப்பார். பொறுக்குவதில் ஒரு பெரிய குறை உண்டு. வயலில் ஏற்கெனவே இருப்பதைத்தான் பொறுக்கலாம். இல்லாததைப் பொறுக்க முடியாது. ஒரு நெல்லில் ருசி இருக்கும், நோய்க்குத் தாங்காது. மற்றொன்று நோய்க்குத் தாங்கும், விளைச்சல் போதாது. இரண்டின் நல்ல குணமும் ஒரே செடியில் வேண்டுமானால் இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். இந்தியாவில் நெல்லில் இந்தக் கலப்பு முறையை ஒழுங்கான திட்டமாக நடத்திக் காட்டியவர் என்ற பெருமை ராமையாவுக்கே உரியது.

நெல்லுக்குக் கல்யாணம் செய்வது லேசான காரியமல்ல. பூவென்று சொல்லும்படி அதில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. பிற்காலத்தில் உமியாகப் போகும் இரண்டு செதில்களுக்கு நடுவே ஆறு மகரந்தப் பைகளும், இறகு போன்ற இரண்டு சூல்முடிகளும் இருக்கின்றன. காலை வெயில் ஏறும் நேரத்தில் செதில்கள் கொஞ்சம் விரியும். சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்த முகூர்த்தத்தைத் தவற விட்டால் அவ்வளவுதான்! பூ விரிவதற்கு முன்பே செதிலின் நுனியைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி, ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் காரியம் கெடும். பிறகு வேறு நெல்லின் மகரந்தத்தை மேலே தூவி, காகித உறையிட்டுக் கட்டி, சீட்டெழுதித் தொங்கவிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரு பூவிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு நெல்மணி.

கல்யாணம் முடிந்த பிறகு குடித்தனம் ஆரம்பிக்கிறது. முதல் தலைமுறைச் செடிகளெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறையில் பாட்டன் பாட்டிகளின் குணங்களெல்லாம் சிதறிப் பலவிதமாக வெளிப்படும். அந்தக் கூட்டத்திலிருந்து வேண்டியதைத் தேர்ந்து, மறுபடி விதைத்து, மறுபடி தேர்ந்து, ஆறு ஏழு தலைமுறை போன பின்புதான் குணம் நிலைக்கும். அதற்கப்பால் பல ஊர்களில் பயிரிட்டுச் சோதனை. முதல் கலப்புக்கும் குடியானவன் கைக்கு விதை போவதற்கும் நடுவே பத்து வருஷம் ஓடிவிடுவது சாதாரணம்.

இதன் பயனைத் தஞ்சை ஜில்லாவில் பார்க்கலாம். அங்கே கொரங்குச் சம்பா என்ற நெல்லுக்கு நல்ல செல்வாக்கு இருந்தது. ஆனால் குலை நோய் வந்தால் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, கதிரெல்லாம் பதராகும். ஆனைக்கொம்பன் என்ற நெல் அந்த நோயைத் தாங்கி நிற்கக் கண்டார்கள். ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்த கோ 4 நெல்லையும், கொரங்குச் சம்பாவிலிருந்து தேர்ந்த ஆடுதுறை 10 நெல்லையும் கலந்து, குலை நோயைத் தாங்கும் கோ 25 நெல்லைக் கோவை நிலையம் கொடுத்தது. பயிருக்கு மருந்து தெளிக்கும் செலவை விதையிலேயே மிச்சப்படுத்துவது எத்தகைய உபகாரம் என்பதைக் கடன்பட்ட குடியானவனிடம் கேட்க வேண்டும்.

பயனை மட்டும் கருதாமல் சாஸ்திரத்துக்காகவே செய்த ஆராய்ச்சிகளும் பல. நெல்லின் உயிரணுவில் சாதாரணமாக 24 குரோமோசோம்கள் இருக்கும். அதில் பாதியே உள்ள, அதாவது 12 குரோமோசோம்களோடு பிறந்த ஓர் அபூர்வமான நெற்செடியை 1930-களில் ராமையாவும் அவருடைய சகாக்களான பார்த்தசாரதி, ராமானுஜம் ஆகியோரும் கண்டு விவரித்தார்கள். எக்ஸ்-ரே கிரணங்களை நெல் விதைமேல் பாய்ச்சி, குணம் எப்படி மாறுகிறதென்றும் பார்த்தார்கள். இவையெல்லாம் நடந்தது பெரிய மேனாட்டுச் சர்வகலாசாலைகளில் அல்ல. கோயமுத்தூரில், ஒரு சர்க்கார் பண்ணையில், என்பதை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் கர்வம் உண்டாவதைத் தவிர்க்க முடியவில்லை.

நடுவில் சில வருஷம் இந்தூரிலுள்ள தாவர ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் பருத்தியை ஆராயும்படி ராமையாவை அனுப்பினார்கள். அதை இங்கே விவரிக்க வேண்டாம். அவரை நெல்லுக்கே திரும்ப இழுத்தது ஒரு மகா துயரம்.

1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே வருஷம் வங்காளத்து நெல்லில் பழுப்புப் புள்ளி நோய் பரவி விளைச்சலை அழித்தது, புயலும் அடித்தது. 1943-ல் பஞ்சம். மாண்டவர்கள் முப்பது லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நோயும் புயலும் மட்டும் அத்தனை பேரைக் கொன்றுவிடவில்லை. யுத்தத்தையே பெரிதாக நினைத்த அந்நிய சர்க்காரின் அலட்சியமும், ஏழைக்கு எட்டாத விலையும், பதுக்கல்காரரின் பேராசையும் சேர்ந்துதான் கொன்றன. ஆனாலும், கோடிக்கணக்கான ஜனங்கள் உண்ணும் தானியத்துக்கு இந்தியா முழுவதற்கும் பொதுவான ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம்கூட இல்லை என்பது அப்போதுதான் அதிகாரிகளின் மனத்தில் உறைத்தது. 1946-ல் ஒரிஸ்ஸாவிலுள்ள கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஒரிஸ்ஸா சர்க்கார் சுமார் 60 ஹெக்டேர் நிலம் கொடுத்தார்கள். ஸ்தாபன டைரக்டராக அமர்ந்தவர் ராமையா. கட்டாக்கில் அவர் கோவையில் கற்ற பாடத்தையே பெரிய அளவில் நடத்தினார். அவரும் எம். பி. வி. என். ராவும் சேர்ந்து எழுதி 1953-ல் வெளியான நெல் இனவிருத்தி நூல், ஆராய்ச்சி மாணவர்களுக்கு வெகு காலம் ஆதார நூலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மனத்தில் எல்லாவற்றிலும் பெரிய யோசனை ஒன்று உருவாயிற்று. நம் நாட்டு நெல் உயரமாக வளர்வது. எரு அதிகம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். போட்ட எருவும் வீண், விளைந்த நெல்லும் வீண். ஜப்பானிய நெல்லோ எருவை உண்டு, சாயாமல் நின்று, அதிகமாக விளையும். ஆனால் நம் வெயிலுக்கும் நம் நாக்குக்கும் ஒத்துவராது. இரண்டையும் கலந்தால் என்ன? ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேச நெல் கமிஷனில் 1950-ல் ராமையா இந்த யோசனையை வைத்தார். ஆசிய நாடுகள் பலவும் தத்தம் நெல்லைக் கட்டாக்குக்கு அனுப்பின. அங்கே கலப்புச் செய்து, விதைகளை அந்தந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சுதந்திரம் பெற்று மூன்று வருஷம்கூட நிரம்பாத நாடு, ஆசியாவுக்கெல்லாம் நெல் கல்யாணம் நடத்தி வைக்க முன்வந்தது!

பலன் உடனே கிட்டியதா என்றால், இல்லை. கலப்பில் பிறந்த செடிகளில் பாதிக்கு மேல் பதராகவே போயின. தூரத்து உறவு அப்படித்தான் போலும். செலவழித்த உழைப்புக்கு வரவு சொற்பம் என்று குறை கூறியவர்கள் உண்டு. அந்தக் குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் தேறிய இரண்டை மட்டும் இங்கே சொல்லுகிறோம். ஜப்பானிய நோரின் 10 நெல்லும் நம் பழைய ஜி.இ.பி. 24-ம் கலந்து பிறந்தது ஆடுதுறை 27. 1960-களின் நடுவில் தஞ்சை வயல்களில் அது குறுவைக்குப் பெரிய துணையாயிற்று. மற்றொன்று, தைவானின் தைச்சுங் 65 நெல்லையும் மலாய் நாட்டு மாயாங் ஈபோஸ் நெல்லையும் கலந்தது. கட்டாக்கில் கலந்த அந்த விதை, மலாயாவுக்குப் போய், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965-ல் மசூரி என்ற பெயரோடு வெளிவந்து, திரும்பவும் இந்தியாவுக்குக் குடிவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு நாம் சூட்டிய பெயர்தான் பொன்னி.

1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. அதற்குக் குட்டைக் குணத்தைக் கொடுத்தது ஜப்பானிய நெல் அல்ல, தைவான் நாட்டுக் குள்ள நெல் ஒன்று. ராமையா தேடியது சாயாத நெல்லை. அது அவர் தேடிய திசையில் இல்லாமல் வேறு திசையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் சந்தோஷ மிகுதியால் தம் மகனுக்கு 'ஐ.ஆர். எட்டு' என்றே நாமகரணம் செய்தது பிரசித்தமான கதை. ராமையா என்ற பெயரை எந்த நெல்லுக்கும் வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய இளமைக்கால நெல், பிலிப்பைன்ஸ் நெல்களுக்குள்ளும் சத்தமின்றிப் புகுந்துகொண்டது. ஜி.இ.பி. 24-ஐ கோ 18-உடன் கலந்து திரூர்க்குப்பம் பண்ணையில் உண்டானது டி.கே.எம். 6. தண்டு துளைக்கும் புழுவை அது ஓரளவு தாங்கும் என்று கண்டு, பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகள் அதை வரவழைத்துக் கலந்து ஐ.ஆர். 20 நெல்லை உண்டாக்கினார்கள். அடுத்து வந்த ஐ.ஆர். 36-க்கும் டி.கே.எம். 6 ஒரு மூதாதை. ஆசியாவில் இந்த நெல் பரவிய இடமெல்லாம் கோவையில் 1921-ல் வெளிவந்த கிச்சிலிச் சம்பாவின் ரத்தம் ஓடுகிறது.

எல்லாம் நன்மையே என்று சொல்ல மாட்டோம். ஒரே நெல் ஊரெல்லாம் பரவியபோது, ஊருக்கொன்றாக இருந்த நெல் வகைகள் பல வழக்கொழிந்தன. எங்கள் புன்செய்ச் சீமையிலும் அரிசி மலிந்து, நோம்பிச் சோறு தினச் சோறாயிற்று. கம்பும் சோளமும் பல வீடுகளில் அடுப்பை விட்டே இறங்கிவிட்டன. வைத்தியர் சொன்ன பிறகு இப்போது சிலர் அவற்றைத் தேடுகிறார்கள். ஆனால் இதை ராமையாவின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. பசித்தவனுக்கு அதிக நெல் வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. வங்காளத்தைப் பார்த்த தலைமுறை அது.

ராஜ்ய மரியாதைகள் அவருக்குக் கிடைக்காமல் இல்லை. 1957-ல் பத்மஸ்ரீ, 1970-ல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. 1968 முதல் 1974 வரையில் ராஜ்யசபையில் நியமன அங்கத்தினராக இருந்தார். கவிஞர்களும் கலைஞர்களும் அமரும் ஆசனங்களில் ஒன்றில் நெல் ஆராய்ந்தவர் ஒருவரும் அமர்ந்தார்.

மசூரியிலிருந்து மறுபடி பொறுக்கித் தேர்ந்த வெள்ளைப் பொன்னியைக் கோவை விவசாய சர்வகலாசாலை 1986-ல் வெளியிட்டது. தனிக் கதிராகக் கொய்து, தனி வரிசையாக நட்டுக் கழித்துக்கொண்டே வரும் அதே பழைய முறைதான்; அதே ஊர்தான். அப்போது ராமையாவுக்கு வயது தொண்ணூற்று நான்கு. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1988-ம் வருஷம் ஆகஸ்ட் 3-ந் தேதி அவர் காலமானார்.